நகரத்தார் தொழிற்பயிற்சி மரபு

நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் சிறுவர்களைக் கடையில் சேர்த்து வணிகம் கற்பித்த முறை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை பர்மா, மலேயா, இலங்கை எங்கும் நடந்துவந்தது. பயின்று தேறியவர்கள் விலகிப் போகாமல் அடுத்த தலைமுறைக்கு ஆசானாகவும் முதலாளியாகவும் ஆனதே இதன் பெருமை. சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம் எழவும் இம்மரபில் திரண்ட செல்வம் கைகொடுத்தது.

எழுத்தும் வாய்பாடும் தெரிந்த பையன், மீசை முளைக்கும் முன்பே பெட்டியடிப் பையனாகக் கடையேறுவான். காலையில் கடையைக் கூட்டிப் பாய் விரிப்பான். ஏவிய வேலைக்கு ஓடுவான். மற்ற நேரமெல்லாம் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடன் கேட்டு வருபவரிடம் மேலாள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வான். முந்திரி, மாகாணி என்று பின்னக் கணக்கை மனத்தில் போட்டு வட்டி சொல்லப் பழகுவான். பேரேடு எழுதவும் ஐந்தொகை எடுக்கவும் கை தேறினால் அடுத்தாள். பிறகு கடைப் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் ஏஜெண்டு. ஏஜெண்டுக்குத் தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. தவணை முடிந்ததும் புதிதாக வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

உறவு அதோடு அறுந்துவிடவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் லாபத்தில் கிடைத்த பங்கும் சேர்ந்து முதலாக, சில தவணைகளுக்குப் பின் பலர் சொந்த விலாசத்தில் கடை வைத்தனர். பழைய முதலாளியே கடன் கொடுத்துக் கைதூக்கி விடுவதும் உண்டு. புதுக்கடைக்காரர் தம் பங்காளி வீட்டுப் பையன்களைப் பெட்டியடியில் உட்கார வைப்பார். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் தமிழ் மாதம் 16ஆம் தேதி கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்தவர்கள் இப்படி வளர்ந்து வந்தவர்களே. வரவில் மகமை என்று ஒரு பங்கு அறத்துக்கு ஒதுங்கியது. முதலில் கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் போன அறப்பணம், பின்னர் கல்லூரிக்கும் பாய்ந்தது.

செட்டிநாட்டு வணிகக் குடும்பத்தவரான அண்ணாமலை செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அவர் தந்த 20 லட்சம் ரூபாயோடு, 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பெட்டியடிக் கல்வி ஒரு குலத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது, அது பெருங்குறை. பல்கலைக்கழகம் அந்த வேலியைத் தாண்டியது. ஆனால் படித்தவரே முதல் கொடுத்து அடுத்தவரை வளர்த்துவிடும் பொறுப்பு பட்டத்தோடு கூட வரவில்லை.

1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாதவர்களின் வயல்கள் கடைகளின் கைக்கு வந்தன. 1938இல் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் சுமார் கால்பங்கு அவர்களிடம் இருந்தது. அதனால் உள்நாட்டு உழவர்களிடையே மூண்ட கசப்பு கொஞ்சமல்ல. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் கடைகளைப் போட்டது போட்டபடி விட்டு ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். அதற்குப் பிறகு பெட்டியடிப் பயிற்சி பழைய வீச்சில் மீளவில்லை. பிள்ளைகள் கல்லூரிகளுக்குப் போனார்கள். சிதம்பரம் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கி, வணிகவியலையும் வணிக மேலாண்மையையும் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழிசெய்தது. 2013இல் அதைத் தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.