மீட்டர் ஓடாத ஸ்டுடியோ

வீட்டில் கேசட் ஓடிய காலத்தில், ‘ஏ’ பக்கம் முடிந்ததும் டக்கென்ற சத்தத்தோடு பொத்தான் எழும்பும். எடுத்துத் திருப்பிப் போட்டால் ‘பி’ பக்கம். அந்தப் பழுப்பு நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதற்குள் நீளவாக்கில் நாலு தடங்கள். ‘ஏ’ பக்கத்துக்கு இடது, வலது என்று இரண்டு. எதிர்த் திசையில் ஓடும் ‘பி’ பக்கத்துக்கு மற்ற இரண்டு. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கடையில் பதிந்து வாங்கிய நாம் யாரும் இந்தத் தடங்களை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய தேவையும் வரவில்லை.

ஜப்பானில் டீயாக் நிறுவனத்தார் எண்ணினார்கள். கேசட்டைத் திருப்பவே வேண்டாம், நாலு தடத்தையும் ஒரே திசையில் ஓடவிட்டு ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதியலாம் என்று ஒரு கருவியைச் செய்தார்கள். 1979இல் வெளிவந்தது. பெயர் போர்ட்டாஸ்டுடியோ 144. ஒரு கைப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். கேசட் போடும் வாய் ஒரு பக்கம், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மறுபக்கம். சொந்தமாகப் பாட்டுக் கட்டிச் சொந்தமாகப் பாடிப் பிழைக்க நினைத்தவர்களின் வாழ்க்கையை இதைப்போல மாற்றிய கருவி இன்னொன்று இல்லை என்பேன். கணினியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஸ்டுடியோ வாடகையிலிருந்து தொடங்க வேண்டும்.

அதுவரை ஒரு பாட்டை ஒழுங்காகப் பதிய வேண்டுமென்றால் ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும். ஸ்டுடியோவில் மணிக்கணக்கு. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த மாதிரி மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும்போதும் ஓடும். அறுந்த தந்தியை மாற்றும்போதும் ஓடும். இரண்டாவது சரணம் சரியில்லையே என்று யோசித்து நிற்கும்போதும் ஓடும். கோடம்பாக்கத்தில் கால்ஷீட் கணக்கில் வாசித்தவர்களுக்கு இந்த அவசரம் நன்றாகத் தெரியும். அங்கே பணம் போட ஒரு தயாரிப்பாளர் இருந்தார். யாருமில்லாத பாடகனுக்கு ஒரே வழி இசைத்தட்டு நிறுவனம் தரும் முன்பணம். அந்த முன்பணத்தில் ஸ்டுடியோ வாடகை போகும். பிறகு அவ்வளவும் அவனுக்கு வரவேண்டிய ராயல்டியில் கழியும். கடைசியில் பதிவின் உரிமை நிறுவனத்திடம் இருக்கும். தன் பாட்டைப் பதிந்த செலவைத் தானே அடைத்தும், அந்தப் பதிவு அவனுடையது இல்லை. இந்தக் கணக்கில் மாட்டி நொடித்துப்போனவர்கள் ஏராளம்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மீட்டர் ஓடும் இடத்தில் யாரும் தப்பாக வாசித்துப் பார்க்க மாட்டார்கள். நன்றாகத் தெரிந்ததை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். பாட்டோ பெரும்பாலும் தப்பிலிருந்துதான் பிறக்கிறது.

தடம் தடமாகப் பதிவது டீயாக் கண்டுபிடித்த வித்தை அல்ல. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் தன் வாசிப்பின் மேலேயே திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியவர். 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு எட்டுத் தட இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தது. விலை பத்தாயிரம் டாலர். அந்த இயந்திரத்துக்குள் ஒரு முக்கியமான சிக்கல் தீர்ந்திருந்தது. நல்ல டேப் ரெக்கார்டரில் பதியும் ஹெட் வேறு, ஒலிக்கும் ஹெட் வேறு. இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதை வாசித்தால், நாடா அந்த இடைவெளியைக் கடக்கும் நேரம் அளவுக்குத் தாளம் பிந்திவிடும். பதியும் ஹெட்டையே பழைய தடத்தைப் படிக்கவும் வைத்துவிட்டால் பிந்தாது. கேட்க எளிதாக இருக்கிறது. இன்றைய பாட்டெல்லாம் நிற்பது இந்த எளிய யோசனையின்மேல்தான்.

இந்த யோசனை சாதாரண மனிதர்களின் வீட்டுக்கு வந்துசேர்ந்த வழி விசித்திரமானது. 1970களின் தொடக்கத்தில் ‘குவாட்ரஃபோனிக்’ என்று ஒரு மோகம் கிளம்பியது. வரவேற்பறையின் நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ஏற்பாடு. அதற்காக டீயாக் ஏ-3340 என்ற நாலு தட ரீல் இயந்திரத்தை விற்றது. மோகம் சில வருடங்களில் வடிந்துவிட்டது. கேட்பவர்கள் கைவிட்ட அந்த இயந்திரத்தை வாசிப்பவர்கள் தூக்கிக்கொண்டார்கள். ஒரு தடத்தைக் கேட்டபடியே இன்னொன்றில் பிந்தாமல் பதியும் வசதி அதில் இருந்ததே காரணம். என்றாலும் பெரிய ரீல்கள், தூக்க முடியாத கனம், தனியாக ஒரு மிக்ஸர், கட்டுக் கட்டாக வயர். வாடகை அறையில் குடியிருப்பவனுக்கு அது எட்டாத தூரம்தான்.

கேசட்டுக்குள் இதை அடக்குவதில் ஒரே எதிரி இரைச்சல். தடம் எவ்வளவு ஒடுங்குகிறதோ, நாடா எவ்வளவு மெதுவாகப் போகிறதோ, அவ்வளவுக்கு ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் கூடும். பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’ தொகுப்பும் ஆபி ரோடு ஸ்டுடியோவில் நாலு தட இயந்திரத்தில் பதிந்ததுதான். அங்கே நாடாவின் அகலம் ஓர் அங்குலம். இங்கே அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. டீயாக் பொறியாளர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். நாடாவை வழக்கமான வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார்கள். பதியும்போது மெல்லிய உச்ச ஒலிகளைக் கூட்டி, கேட்கும்போது குறைத்து, இரைச்சலை அடக்கும் டால்பி முறையைச் சேர்த்தார்கள். விளைவு, அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்தே நிமிடம். மூன்று நாலு பாட்டுக்கு அது போதும்.

அதே 1979இன் ஜூலையில் ஜப்பானிலேயே சோனியின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. ஒரே கேசட்டிலிருந்து ஒரே வருடத்தில், தனியாகக் கேட்க ஒரு கருவி, தனியாகப் பாட்டுச் செய்ய ஒரு கருவி. முதலாவதைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பெரியது.

144இன் விலை ஏறக்குறைய 1,200 டாலர். அன்றைக்கு அதுவும் சின்னத் தொகை அல்ல. ஆனால் ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. மீட்டர் கிடையாது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்த ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவன் முதல் தடத்தில் கிட்டார் வாசிக்கிறான். நாடாவைச் சுற்றி முதலுக்குக் கொண்டுவந்து, அதைக் கேட்டபடி இரண்டாவது தடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டித் தாளம். மூன்றாவதில் பேஸ். இப்போது ஒரு தடம்தான் பாக்கி. பாட வேண்டும், பின்குரல் வேண்டும், இன்னொரு கிட்டார் வேண்டும். என்ன செய்வது? மூன்றையும் அளவாகக் கலந்து, நாலாவது தடத்துக்கு ஒன்றாக மாற்றுகிறான். ‘பவுன்ஸ்’ என்பார்கள். மாற்றியதும் முதல் மூன்று தடமும் காலி. அவற்றின்மேல் புதிதாகப் பதியலாம். அந்த நிமிடத்தோடு பழைய கிட்டாரும் தாளமும் பேஸும் பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போகின்றன. தாளம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதே என்று நாளைக்குத் தோன்றினாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. கணினியில் எத்தனை முறையும் பின்னால் போகலாம். இங்கே ஒவ்வொரு பவுன்ஸிலும் இரைச்சலும் ஒரு படி ஏறும். அதனால் கலக்கும் கை நன்றாக யோசித்துத்தான் நகரும்.

நடுராத்திரியில் குரலை உயர்த்தவும் முடியாது. பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே. மைக்கை வாயருகே வைத்து, காதோடு பேசுகிற மாதிரி பாடினால் போதும், கருவி பிடித்துக்கொள்ளும். மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பாடாத, ஒரே ஒருவர் காதுக்காகப் பாடுகிற அந்தக் குரல், பின்னாளில் ஒரு பாணியாகவே நிலைத்தது. பாடகர் எலியட் ஸ்மித் போர்ட்லண்ட் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் நாலு தடக் கருவியில் பதிந்து 1994இல் வெளியிட்ட ‘ரோமன் கேண்டில்’ தொகுப்பைக் கேட்டால் இது புரியும். விரல் தந்தியில் உரசி நகரும் சத்தம்கூட அதில் பாட்டின் பகுதி.

இந்தக் கருவிக்கு உலகத்தின் மதிப்பை வாங்கிக் கொடுத்தவர் ஏற்கனவே புகழின் உச்சியில் இருந்த ஒருவர். 1982 ஜனவரியில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் தன் வாடகை வீட்டுப் படுக்கையறையில் ஒரு 144ஐயும் இரண்டு சாதாரண மைக்குகளையும் வைத்துக்கொண்டு புதுப் பாட்டுகளைப் பதிந்தார். குழுவுக்குக் காட்ட ஒரு மாதிரிப் பதிவு, அவ்வளவுதான் நோக்கம். நாலு தடத்தையும் கலந்து இறக்கியதுகூட, தண்ணீரில் நனைந்து எழுந்த ஒரு பானசோனிக் டூ-இன்-ஒன்னில். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு பெரிய ஸ்டுடியோவில் முழுக் குழுவோடும் அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். அறையில் இருந்த உயிர் வரவில்லை. கடைசியில் பையில் கிடந்த கேசட்டையே இசைத்தட்டாக்குவது என்று முடிவானது. அவ்வளவு தாழ்ந்த, கரடான ஒலியைத் தட்டில் வெட்டப் பொறியாளர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. அந்த செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ வெளிவந்தது.

அவருக்கு எந்த ஸ்டுடியோவும் திறந்திருந்தது. வேண்டுமென்றேதான் அறையைத் தேர்ந்தார். அறையை விட்டால் வேறு வழியே இல்லாதவர்களின் கதைதான் எனக்கு முக்கியம்.

ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ராபர்ட் பொலார்ட் என்று ஒரு பள்ளி ஆசிரியர். நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டே ‘கைடட் பை வாய்சஸ்’ என்ற குழுவை நடத்தினார். சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் வீதம் இசைத்தட்டுகள் போட்டார், சீந்துவாரில்லை. வார இறுதிகளில் நண்பர்களின் கராஜிலும் நிலவறையிலும் உட்கார்ந்து, அதிகம் திருத்தாமல், நாலு தடக் கருவியில் தோன்றிய வேகத்தில் பதிந்துகொண்டே இருந்தார்கள். 1994இல் வந்த ‘பீ தவுசண்ட்’ தொகுப்பில் இருபது பாட்டு. மொத்தம் நாற்பது நிமிடம்கூட இல்லை. அந்தச் சமயத்தில்தான் பதினாலு வருட ஆசிரியர் வேலையை விட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பதிய வேண்டியிருந்தால் அந்த வயதுவரை அவர் தாக்குப்பிடித்திருக்க வாய்ப்பே இல்லை என்று நினைக்கிறேன். அதுவரை அவருக்குச் சோறு போட்டது பள்ளிக்கூடம். பாட்டை உயிரோடு வைத்திருந்தது அந்தக் கருவி.

பாடகி லிஸ் ஃபேரின் கதை இன்னும் நெருக்கமானது. கல்லூரி முடித்து, கையில் காசில்லாமல் சிகாகோவை ஒட்டிய ஊரில் பெற்றோர் வீட்டுக்கே திரும்பி வந்தவர், 1991இல் தன் அறையில் நாலு தடக் கருவியில் ‘கர்லி சவுண்ட்’ என்ற பெயரில் கேசட்டுகள் பதிந்தார். இரண்டே நண்பர்களுக்குப் பிரதி கொடுத்தார். அவர்கள் பிரதியெடுத்துக் கொடுக்க, வாங்கியவர்கள் இன்னும் எடுக்க, கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போனது. மேட்டடோர் என்ற சிறு நிறுவனம் அவருக்கு வாய்ப்புத் தந்தது. 1993இல் வந்த ‘எக்ஸைல் இன் கைவில்’ அந்த அறையில் முளைத்ததுதான்.

நம் பக்கம் இந்த நாலு தடப் பெட்டி பரவலாக வரவில்லை. மீட்டரிலிருந்து இறங்கும் ஆசை மட்டும் இங்கேயும் ஒன்றுதான். விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்துக்கொண்டதும் அதனால்தான். அது பெரிய அளவிலான தொழில்முறை ஸ்டுடியோ, ஒப்பிட முடியாது. ஆனால் நடுராத்திரியில் உட்கார்ந்து, விடியும்வரை ஒரே ஒலியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சுதந்திரம் சொந்த இடத்தில்தான் கிடைக்கும். மூன்று வருடம் கழித்து ‘ரோஜா’ வந்தது.

இழப்பும் உண்டு. பத்துப் பேர் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும்போது வரும் சூடு, தனியாக அடுக்கும் தடங்களில் வராது. தனி ஆளாகப் பதியப் பழகியதில், கூலிக்கு வாசித்துப் பிழைத்த கலைஞர்கள் பலருக்கு வேலை குறைந்தது. இதையும் கணக்கில் வைக்காமல் இந்தக் கருவியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1983இல் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்-15 பாதி விலைக்கும் குறைவாக வந்தது. அடுத்துக் கணினி, 2004இல் கராஜ்பேண்ட் மென்பொருள், இப்போது போனிலேயே எத்தனை தடம் வேண்டுமானாலும்.

ஆனால் அந்த நாட்களில் பதிந்த கேசட்டுகள் இன்னும் அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால், இரண்டு தடம் மட்டும் பாதி வேகத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இழுத்துக்கொண்டு ஒலிக்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னிருந்து முன்னாக ஓடும். பாட்டாகக் கேட்க வேண்டுமென்றால் நாலு தடக் கருவியேதான் வேண்டும். அதன் ரப்பர் பெல்ட் தளர்ந்தோ பிசுபிசுத்தோ போயிருக்கும். அதை மாற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, பஞ்சில் பழுப்பு வராத வரைக்கும் துடைத்து, கேசட்டை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கினால், முதலில் அந்த இரைச்சல் கேட்கும். பிறகு நாற்காலி கிறீச்சிடும். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குவார்.