வெட்டிரும்பும் ஹெரால்டும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பொன்னுக்கெனத் தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. இரும்புக்கு அங்கே வாரியம் இல்லை. அச்சாசனங்களைக் கல்லில் வெட்டியதோ இரும்பு உளி. இரும்பைக் கையாண்டவர்களின் அறிவு நம் வரலாற்றெழுத்தில் பெரும்பாலும் இப்படியே விடுபட்டு வந்திருக்கிறது. அதன் அண்மைக்காலப் பகுதியொன்றை, மின்கருவியின்றிப் பழைய கார்களின் தகட்டை வெட்டியெடுத்த தொழிலை, இங்கே பதிவு செய்ய விழைகிறோம்.

சென்னைப் புதுப்பேட்டை முதல் சிற்றூர்ப் பழைய இரும்புக் கடைவரை இதற்கான கருவிகள் சிலவே: வெட்டிரும்பு, சுத்தியல், ஆக்ஸா பிளேடு, தகரக் கத்தரி, அரம். காரின் வெளித்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உடையது. வெட்டிரும்பைச் செங்குத்தாக நிறுத்தி அடித்தால் தகடு நசுங்கும். சாய்த்துப் பிடித்து, அதன் வாயில் ஒரு மூலை வெட்டினுள்ளேயே இருக்குமாறு நகர்த்தினால் கத்தரிபோல் அறுத்துக்கொண்டு செல்லும். வெட்டு திரும்பும் மூலையில் முன்னதாகத் துளையிடுவதும் உண்டு. இல்லையேல் கிழிசல் தகட்டுக்குள் ஓடிவிடும். கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவுவார்கள்.

எப்படி வெட்டுவது என்பதைவிட எங்கே வெட்டுவது என்பதே பெரிய அறிவு. அது வண்டி பிறந்த விதத்தைப் பொறுத்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடரில் உடலும் அடிச்சட்டமும் பற்றவைத்த ஒரே கூடு. அதன் கூரையை எடுக்க வெட்டியே ஆக வேண்டும்.

வண்டலூரை அடுத்து ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டின் கதை வேறு. அவ்விடமும் உத்திரமேரூரும் அன்று ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு உடற்பகுதிகளைச் செய்தளித்த பிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் 1953இல் போட்டியாளரான பி.எம்.சி.யின் கைக்குப் போயிற்று. முழு உடலையும் ஒன்றாகச் செய்து தர ஆளில்லாமல், 1959இல் வந்த ஹெரால்டைத் தனிச்சட்டத்தின்மேல் போல்ட்டால் இணைத்த துண்டுகளாக வடிவமைத்தனர். எங்கோ கைமாறிய ஒரு தொழிற்சாலை, இங்கே பிரிப்பவரை வெட்டிரும்பை வைத்துவிட்டு ஸ்பானரை எடுக்கச் செய்தது எனலாம். வண்டியின் இணைப்புகளை அறிந்தவரே எதை வெட்டுவது, எதைக் கழற்றுவது என்று அறிந்தார்.

ஸ்டாண்டர்டின் கார்த் தயாரிப்பு 1988இல் நின்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்றைய கார்களின் தூண்களில் உள்ள உயர்வலிமை எஃகு வெட்டிரும்புக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021இல் கொண்டுவந்தது. எண்ணெயும் பேட்டரி அமிலமும் மண்ணில் இறங்காதிருக்க அவை வேண்டியவையே. ஆயினும் அவ்விதிகளில் ஒரு கைத்தொழிலின் நினைவுக்கு இடமில்லை.

ஏட்டுச்சுவடி தேடிய தமிழ்த்துறைகள் இத்தொழிலாளரையும் தேடிச் செல்லலாம். ஒவ்வொரு வண்டியிலும் முதல் அடி எங்கே விழுந்தது, அதற்கு அவர்கள் வழங்கிய சொல் எது என்று கேட்டு எழுதிவைக்கலாம். சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.