தலையாட்டி வண்டி பிறந்த கதை

போலீஸ் மோட்டார் சைக்கிள் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது புல்லட் சத்தம்தான். ஏட்டையா தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவர் வருவது ஊருக்குத் தெரிந்துவிடும். திண்ணையில் சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கலைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளைகளாக உட்கார அவகாசம் கிடைக்கும். 1950களில் திருவொற்றியூருக்குக் குடிவந்த அந்த புல்லட்டின் தாய்வீடு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் அளவில், பர்மிங்காம் நகரத்தின் ஹால் கிரீன் பகுதியில் வெலோஸ் என்ற கம்பெனி இருந்தது. வெலோசெட் என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செய்து விற்றார்கள். புல்லட்டுக்கு நேர் எதிரான ஒரு வண்டி அங்கேதான் பிறந்தது. அது வருவது காதில் விழாது. மணிக்கு 50 மைல் வேகத்தைத் தொடுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். பிரிட்டனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட போலீஸ் படைகள் ரோந்துக்கு அதைத்தான் வாங்கின.

வேகம் தெரியாத கம்பெனி என்று வெலோசெட்டைச் சொல்ல முடியாது. ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து, பெயரை ஆங்கிலப்படுத்தி குட்மேன் என்று வைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் தொழில் அது. 1926இல் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தின் ஜூனியர் பிரிவில் அவர்கள் வண்டி ஜெயித்தது. மோட்டார் சைக்கிளுக்கு உலக சாம்பியன் பட்டம் என்று ஒன்று 1949இல் தொடங்கியபோது, 350 சிசி பிரிவில் முதல் இரண்டு வருடமும் பட்டம் வெலோசெட்டுக்குத்தான். முதல் வருடம் ஃப்ரெடி ஃப்ரித், அடுத்த வருடம் பாப் ஃபாஸ்டர். இந்தப் பட்டங்கள் வந்துகொண்டிருந்த அதே நாட்களில், அதே தொழிற்சாலையின் இன்னொரு மூலையில், ஆறு குதிரைத்திறன் கொண்ட ஒரு சாதுவான வண்டி வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த சாது, நிறுவனரின் மகன் யூஜின் குட்மேனின் கனவு. போர் முடிந்த பிரிட்டனில் கார் வாங்க வசதியில்லாதவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். பெட்ரோல் ரேஷன் 1950 மே மாதம் வரை நீடித்தது. சிக்கனமான மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால் கொத்திக்கொண்டு போவார்கள் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், பாதிரியார், பிரசவம் பார்க்கப் போகும் தாதி போன்றவர்கள் மோட்டார் சைக்கிள் பக்கமே வரமாட்டார்கள். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வீங்கும். செயினிலிருந்து எண்ணெய் தெறித்து உடுப்பைக் கெடுக்கும். மழைச் சேறு முழங்கால் வரை ஏறும். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே விழித்துக்கொண்டு முறைக்கும். இந்தப் புகார்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இயந்திரத்தில் ஒரு பதில் செய்துவிட வேண்டும் என்று யூஜின் நினைத்தார். வடிவமைக்கும் வேலை சார்லஸ் யூடாலிடம் வந்தது.

1948இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அந்த வண்டி வெளிவந்தது. பெயர் எல்.இ., ‘லிட்டில் எஞ்சின்’ என்பதன் சுருக்கம், அதாவது சின்ன எஞ்சின். அதைப் பார்த்த மோட்டார் சைக்கிள்காரர்கள் திகைத்திருப்பார்கள். குழாய்களைப் பற்றவைத்த வழக்கமான சட்டம் அதில் இல்லை. கார் உடம்பைப் போல எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கிய கூடுதான் சட்டம். இரண்டு சிலிண்டர்கள், ஆளுக்கொரு பக்கமாகப் படுத்த நிலையில். ஒரு பிஸ்டன் இடப்பக்கம் போகும்போது மற்றது வலப்பக்கம் போகும். ஒன்றின் உதறலை மற்றொன்று சரிக்கட்டிவிடும். 44 மில்லிமீட்டர் விட்டம், 49 மில்லிமீட்டர் வீச்சு, மொத்தம் 149 சிசி. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர். அதற்கு முன்னால் ஒரு குட்டி ரேடியேட்டர். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் இது அபூர்வம். பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, மூடிய தண்டு. கிக்கர் கிடையாது. பக்கவாட்டில் இருந்த ஒரு நெம்புகோலைக் கையால் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். கியர் மாற்றுவதும் கையால்தான். கால் வைக்கப் பலகை, சேறு படாமல் மறைக்க முன்னால் இரண்டு தகடுகள். கோட்டும் டையும் கட்டிக்கொண்டு ஏறி, அதே கோட்டும் டையுமாக இறங்கலாம்.

சத்தம் இல்லாததற்கு இவை எல்லாமே சேர்ந்துதான் காரணம். சிலிண்டரைச் சுற்றியிருந்த தண்ணீர் உலோகத்தின் கணகணப்பை விழுங்கியது. வால்வுகள் பக்கவாட்டில் இருந்ததால் தலைப்பக்கத்தில் தட்டும் உறுப்புகள் இல்லை. செயின் சலசலப்பும் இல்லை. பெரிய சைலன்சர் வேறு. சிக்னலில் நின்றால் எஞ்சின் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்று ஓட்டுகிறவரே குனிந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பார்கள்.

புகார்களுக்கெல்லாம் பதில் இருந்தது. வாங்கத்தான் ஆள் வரவில்லை.

எதிர்பார்த்த குமாஸ்தா விலையைக் கேட்டுப் பின்வாங்கினார். இத்தனை நுணுக்கத்தையும் உள்ளே வைத்துவிட்டு மலிவாக விற்க முடியாதே. ஏற்கெனவே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இதை மோட்டார் சைக்கிளாகவே மதிக்கவில்லை. மேட்டில் திணறுகிறது என்று புகார் வர, 1950 முடிவில் எஞ்சினை 192 சிசி ஆக்கினார்கள். அப்போதும் அது பந்தயக் குதிரையாகிவிடவில்லை. இத்தாலியிலிருந்து வெஸ்பாவும் லாம்பிரெட்டாவும் வந்து சேர்ந்தன. உடுப்பு அழுக்காகக் கூடாது என்று நினைத்தவர்களுக்கு அவை போதும். பார்க்கவும் ஒயிலாக இருந்தன. வெஸ்பாவை 1951 முதல் பிரிட்டனிலேயே, பிரிஸ்டலில் டக்ளஸ் கம்பெனி செய்யத் தொடங்கிவிட்டது. வெலோஸுக்கு உண்மையான தலைவலி இங்கேதான். தகடு அழுத்தும் இயந்திரங்களிலும் அச்சுகளிலும் ஒரு குடும்பக் கம்பெனியின் கைக்கு மீறிய முதல் போட்டிருந்தார்கள். குழாய்ச் சட்டம் என்றால் நூறு வண்டி விற்றாலும் சமாளிக்கலாம். அச்சு செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தால்தான் போட்ட காசு திரும்பும்.

அந்த நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒரு வாடிக்கையாளர் சீருடையில் வந்தார்.

அன்றைய பிரிட்டனில் ஒரே போலீஸ் கிடையாது. மாவட்டத்துக்கு ஒன்று, பெரிய நகரத்துக்கு ஒன்று என்று நூற்றுக்கும் மேற்பட்ட படைகள் தனித்தனியாக இருந்தன. எந்த வண்டி வாங்குவது என்பதை அந்தந்தப் படையின் தலைவரே முடிவு செய்வார். எல்லோருக்கும் ஒரே சிக்கல். போருக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை. ஊர்களோ விரிந்துகொண்டே போயின. நகர விளிம்புகளில் புதுக் குடியிருப்புகள் முளைத்தன. கான்ஸ்டபிள் நடந்தோ சைக்கிளிலோ தன் பீட்டை, அதாவது ரோந்துப் பகுதியை, சுற்றி வரவேண்டும். குறித்த நேரத்தில் குறித்த தொலைபேசிப் பெட்டியருகே நிற்க வேண்டும். சார்ஜென்ட் வந்து பார்ப்பார், அல்லது நிலையத்திலிருந்து மணி அடிக்கும். இரண்டு மடங்காகிவிட்ட பீட்டை ஒரே ஆள் சுற்ற வேண்டுமென்றால் அவருக்கு ஒரு மோட்டார் தேவை. அதற்காகப் பெரிய மோட்டார் சைக்கிளைக் கொடுத்தால் பெட்ரோல் செலவு ஒரு பக்கம். நள்ளிரவில் அது போடும் சத்தத்தில் பூட்டை உடைத்துக்கொண்டிருப்பவன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான் என்பது இன்னொரு பக்கம்.

எல்.இ. இந்த வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டையாக அமைந்தது. இருட்டில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் டயர் தரையில் உரசும் ஒலி மட்டும்தான். நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டே கடைக் கதவுகளையும் சன்னல்களையும் பார்த்துக்கொண்டு போகலாம். காற்றில் குளிரும் எஞ்சின் அந்த வேகத்தில் சூடேறிப் பொருமும். இதில் தண்ணீர் இருந்ததால் அந்தக் கவலை குறைவு. மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் பக்கப் பெட்டிகளில் அடங்கிவிடும். மோட்டார் சைக்கிளே ஓட்டியறியாத நடுவயதுக் கான்ஸ்டபிளும் பழகிக்கொள்ளலாம். யூஜின் குட்மேன் பாதிரியாருக்காகவும் குமாஸ்தாவுக்காகவும் யோசித்து யோசித்து வைத்த ஒவ்வொரு வசதியும் போலீஸ்காரருக்குப் பொருந்திப்போனது.

இடித்த இடம் ஒன்றே ஒன்று. அதுதான் இந்த வண்டிக்குப் பெயரும் வாங்கிக் கொடுத்தது.

விதிப்படி கான்ஸ்டபிள் மேலதிகாரியைப் பார்த்தால் சல்யூட் அடிக்க வேண்டும். சல்யூட் அடிப்பது வலது கையால். மோட்டார் சைக்கிளில் ஆக்சிலேட்டர் இருப்பதும் வலது கையில்தான். எதிரே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கையை எடுத்தால் வண்டி வேகம் குறைந்து தள்ளாடும். ஈரச் சாலையாக இருந்தால் மரியாதை மேலதிகாரியின் காலடியில் விழுந்து கிடப்பதில் போய் முடியும். அதனால் விதியைத் தளர்த்தினார்கள்: இரண்டு கையும் கைப்பிடியிலேயே இருக்கட்டும், விறைப்பாக உட்கார்ந்து தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். பதவிப் படிநிலையைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் ஒரு துறை, 192 சிசி எஞ்சினுக்காக இவ்வளவு இறங்கிவந்தது பெரிய விஷயம். நம்மூரில் ஒரு சல்யூட் குறைந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று சீருடை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? எனிட் பிளைட்டன் எழுதிய நாடி கதைகளின் முதல் புத்தகம் 1949இல் வந்து, பிரிட்டன் குழந்தைகளிடையே அந்த மரப்பொம்மைப் பையன் பிரபலமாகியிருந்தான். நாடி பேசும்போதெல்லாம் தலை ஆடும். குட்டி வண்டி ஒன்றில் ஊரைச் சுற்றுவான். தலையாட்டிக்கொண்டு குட்டி வண்டியில் போகும் போலீஸ்காரரைப் பார்த்ததும் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. எல்.இ. ‘நாடி பைக்’ ஆகிவிட்டது. கம்பெனி வைத்த பெயரை மோட்டார் பிரியர்கள் மட்டும் சொன்னார்கள். நாட்டுக்கு அது நாடி பைக்தான்.

கேலியும் கூடவே வந்தது. 1950களின் இரண்டாம் பாதியில் பிரிட்டன் இளைஞர்களுக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. நெடுஞ்சாலைத் தேநீர்க் கடைகளில் கூடி, மணிக்கு 100 மைலைத் தொட்டுவிட்டுத் திரும்புவது வீரம். அவர்கள் முன்னால் 50 மைலுக்குத் தவிக்கும் வண்டியில் சட்டத்தின் காவலர் வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். நாட்டின் மிக மோசமான போலீஸ் வண்டி என்று இதைச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துரத்துவதற்கு அவர்களிடம் வேறு வண்டிகள் இருந்தன. டிரையம்ப் கம்பெனி போலீசுக்கென்றே 650 சிசியில் ‘செயின்ட்’ என்று ஒரு வண்டி செய்தது. ‘எதையும் நொடியில் நிறுத்தும்’ என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது. நெடுஞ்சாலையில் செயின்ட், குடியிருப்புத் தெருவில் நாடி என்று வேலை பிரிந்திருந்தது. திருடனைத் துரத்தும் போலீஸ் சினிமாவுக்கு நல்லது. பீட் போலீசின் வேலை பெரும்பாலும் சுற்றிவருவது, கண்ணில் படுவது, நின்று நாலு வார்த்தை பேசுவது. அதற்கு நாடி பைக்குக்கு மேல் ஒரு வண்டி அமையவில்லை என்பேன். நிறுத்தி இறங்காமலே வேலிக்கு அப்பால் நிற்கும் கிழவியிடம் நலம் விசாரிக்கலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை.

1958இல் வண்டியைத் திருத்தினார்கள். கையால் இழுக்கும் நெம்புகோல் போய் கிக்கர் வந்தது. கால் கியர், நாலு வேகம் வந்தன. மற்ற மோட்டார் சைக்கிள்களை நோக்கி ஒரு அடி நகர்ந்தது என்று சொல்லலாம். பொதுமக்களைப் பிடிக்க கம்பெனி விடாமல் முயன்றது. அதே எஞ்சின் வடிவத்தைக் காற்றில் குளிரவைத்து வேலியன்ட் என்று ஒன்று. 1960இல் வைஸ்ராய் என்று ஒரு ஸ்கூட்டர், ஸ்கூட்டர் மோகம் வடியும் நேரம் பார்த்து. 1963இல் எல்.இ.க்கு ஃபைபர் உடம்பு மாட்டி வோக் என்று இன்னொன்று. எதுவும் ஓடவில்லை. குடும்பஸ்தர்களுக்கு இதற்குள் வேறு வழி கிடைத்திருந்தது: 1959இல் மினி கார் வந்து, 500 பவுண்டுக்குள் நாலு பேர் நனையாமல் போகலாம் என்றாகிவிட்டது.

கடைசியில் போலீசும் காருக்குள் போய்விட்டது. 1965இல் லங்காஷயர் போலீஸ் தலைவர் எரிக் செயின்ட் ஜான்ஸ்டன், கிர்க்பி என்ற ஊரில் ஒரு சோதனை நடத்தினார். இளநீல உடம்பில் வெள்ளைக் கதவுகளுடன் ஃபோர்டு ஆங்கிலியா கார்கள், கான்ஸ்டபிளின் சட்டையில் கையடக்க ரேடியோ. ஒரு காரில் பல பீட்டுகளைச் சுற்றிவிடலாம். இவற்றுக்கு பாண்டா கார் என்று பெயர் விழுந்தது. இரண்டே வருடத்தில் உள்துறை அமைச்சகம் இந்த முறையை நாடெங்கும் பரிந்துரைத்தது. மழை படாது, தொலைபேசிப் பெட்டியைத் தேடி ஓட வேண்டாம். எந்தக் கான்ஸ்டபிள் வேண்டாம் என்பார்? ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகிறவரிடம் வேலியோரக் கிழவி என்ன பேசுவார்? போலீசுக்கும் ஜனங்களுக்கும் இடையே தூரம் கூடிவிட்டது என்ற புலம்பல் அடுத்த பதினைந்து வருடத்தில் வலுத்தது. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் நடந்த கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் பிரபுவின் 1981 அறிக்கை, பீட் போலீசை மறுபடியும் மக்கள் நடுவே கொண்டுவரச் சொன்னது. கலவரத்துக்குக் கார் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் வேர்கள் வேறு, ஆழமானவை.

நாடி பைக்குகள் ஒவ்வொரு படையாகக் கழிக்கப்பட்டன. வெலோசெட் செய்த வண்டிகளிலேயே அதிகம் விற்றது எல்.இ.தான் என்றாலும், போலீஸ் ஆர்டரை மட்டும் நம்பி அந்த அச்சு இயந்திரங்களுக்குத் தீனி போட முடியவில்லை. 1961இல் இதே கம்பெனியின் 500 சிசி வெனம், பிரான்ஸின் மோன்லெரி தடத்தில் 24 மணி நேரம் சராசரியாக 100 மைலுக்கு மேல் ஓடி உலக சாதனை செய்தது. அந்தப் பெருமையும் கணக்குப் புத்தகத்தை நிமிர்த்தவில்லை. 1971இல் ஹால் கிரீன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எல்.இ.யைத் தேர்ந்தெடுத்த போலீஸ் தலைவர்கள் தங்கள் வேலைக்குச் சரியான வண்டியைத்தான் எடுத்தார்கள். தவறான கணக்குப் போட்டது அதைச் செய்த கம்பெனி.