மேஜையைப் பிடுங்கிய விளம்பரக் கம்பெனி

ஆபீஸ் என்றாலே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பக்கத்தில் ரெண்டு டிராயர். அதை எடுத்துவிட்டால் ஆட்கள் சுதந்திரமாக யோசிப்பார்கள் என்று ஒருவர் நம்பினார். ஜே ஷயட். 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் விளம்பரம் பார்த்திருப்பீங்க, கையில் சுத்தியலோடு ஒரு பெண் ஓடி வருவாளே, அதை எடுத்த ஷயட்/டே கம்பெனியின் தலைவர்.

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால் ராபர்ட் ப்ராப்ஸ்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மிச்சிகனைச் சேர்ந்த ஹெர்மன் மில்லர் ஃபர்னிச்சர் கம்பெனிக்கு ஆராய்ச்சி செய்தவர். மூளையால் வேலை செய்கிறவனுக்கு அவனுடைய பாதி முடிந்த வேலை கண்ணெதிரே கிடக்க வேண்டும், டிராயருக்குள் போன காகிதம் மறந்துபோன காகிதம் என்பது அவர் கட்சி. 1964-இல் ஜார்ஜ் நெல்சன் வடிவமைப்பில் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' வந்தது. நின்றுகொண்டே எழுத உயரமான மேஜை. சாயங்காலம் எதையும் ஒதுக்கி வைக்காமல், போட்டது போட்டபடி மூடிவிட்டுப் போக ஓர் உருட்டு மூடி. இந்த மூடி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் இல்லையா?

விலை அதிகம், விற்கவில்லை. 1968-இல் வந்த இரண்டாவது வடிவம்தான் விற்றது. கழற்றி மாட்டக்கூடிய தடுப்புகள். அவற்றை 120 டிகிரியில் விரித்து வைக்கலாம் என்பது ப்ராப்ஸ்டின் எண்ணம். வாங்கிய கம்பெனிகள் 90 டிகிரியில் பெட்டி பெட்டியாக அடுக்கின. அப்படி அடுக்கினால் அதே தளத்தில் நிறைய பேரை உட்கார வைக்கலாமே! க்யூபிக்கிள் பிறந்தது இப்படித்தான். தடுப்பை நகர்த்தலாம் என்பது உண்மை. நகர்த்துவது யார் என்பதுதான் கேள்வி. உள்ளே உட்கார்ந்திருந்தவர் இல்லை.

இப்போது ஷயட். லாஸ் ஏஞ்சலிஸ் வெனிஸ் பகுதியில் ஃப்ராங்க் கெரி கட்டிய கட்டடம் அவருடையது, வாசலில் மூணு மாடி உயரத்துக்கு ஒரு பைனாகுலர் நிற்கும். 1993-இல் அவர் அறிவிக்கிறார்: இனி யாருக்கும் தனி அறை கிடையாது, தனி மேஜையும் கிடையாது. காலையில் கவுன்டரில் லேப்டாப்பும் போனும் வாங்கிக்கொள், எங்கே வேணுமோ உட்கார், சாயங்காலம் திருப்பிக் கொடு. குடும்பப் படம், பூத்தொட்டி எல்லாம் லாக்கருக்கு. நியூயார்க் கிளையை இத்தாலியக் கலைஞர் கயெதானோ பெஷே கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் செய்து கொடுத்தார். பத்திரிகைகள் கொண்டாடின.

உள்ளே நடந்தது வேறு. லேப்டாப் எல்லாருக்கும் போதவில்லை. பக்கத்தில் குடியிருந்த சிலர் விடியற்காலையில் வந்து மெஷினை வாங்கி ஒளித்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு தூக்கம் போட்டுவிட்டு வந்தார்களாம். (ரயிலில் துண்டு போட்டு சீட் பிடிப்பது நமக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.) லாக்கரில் ஒரு விளம்பரத்துக்கான ஓவியங்களையும் வரைவுகளையும் எங்கே வைப்பது? கார் டிக்கி ஃபைல் அலமாரி ஆனது. ஒருத்தர் குழந்தைகள் இழுத்து விளையாடும் சிவப்பு வண்டியில் தன் காகிதங்களை ஏற்றி ஆபீஸ் முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தார். தன் குழு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலை. நேற்று உட்கார்ந்த இடத்திலேயே இன்றும் உட்கார்ந்தால் ஷயட்டே வந்து கேட்பாராம்.

எங்கே வேணுமானாலும் உட்காரலாம், நேற்றைய இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது. இதற்கு என்ன பெயர் வைப்பது? லேப்டாப் தட்டுப்பாட்டை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு கொடுத்திருந்தாலும் இது விழுந்திருக்கும். தினமும் சாயங்காலம் மேஜையைத் துடைத்துக் காலி செய்யச் சொன்னால், ப்ராப்ஸ்ட் காப்பாற்றப் பார்த்த அந்தப் பாதி வேலைதான் முதலில் காணாமல் போகும். விளம்பரமோ புத்தக அட்டையோ வீட்டு வரைபடமோ, டிசைன் வேலை சுவரில் பத்து நாள் ஒட்டிக் கிடந்துதான் உருவாகிறது. போகிற வருகிறவன் பார்த்து, "இது சரியில்லையே" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

1995-இல் கம்பெனி ஆம்னிகாம் குழுமத்துக்கு விற்கப்பட்டது, ஷயட் வெளியேறினார். 1998-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளை பிளாயா விஸ்டா பக்கம் ஒரு பெரிய கிடங்குக்கு மாறியது. வடிவமைத்தவர் கிளைவ் வில்கின்சன். உள்ளேயே ஒரு தெரு, மரங்கள், நடுவில் கூடைப்பந்து மைதானம். விளையாட்டுத்தனத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் இந்த முறை ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மேஜையும் ஒரு போனும் இருந்தது.