பாறை உரிதல்

பாறை உரிதல் என்பது, நிலத்தடியில் உருவான கெட்டியான பாறை தன் மேற்பரப்புக்கு ஏறத்தாழ இணையாகப் பிளந்து, வெங்காயச் சருகு போல் ஏடு ஏடாகக் கழன்று விழும் இயற்கைச் சிதைவு ஆகும். புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் வட்டத்தில், அன்னவாசலை அடுத்துள்ள சித்தன்னவாசல் போன்ற மொட்டைப் பாறைக் குன்றுகளின் வளைந்த சரிவுகளை உருவாக்குவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

இவ்வட்டாரக் கருங்கற்பாறைகள் 54 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட முன்கேம்பிரியன் காலத்தவை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ 260 வளிமண்டல அழுத்தம் கூடுவதால், மேலே கிடந்த பாறைகளை அரிப்பு நீக்கியபோது பெருஞ்சுமை தளர்ந்து, அடிப்பாறை மேல்நோக்கி விரிந்து வெடிப்புகள் கொண்டது.

பகல் வெயிலும் இரவுக் குளிரும் மட்டுமே பாறையை உரிக்கின்றன என்ற பழைய கருத்தை, அமெரிக்க அறிவியலாளர் டேவிட் கிரிக்ஸ் 1936இல் சோதித்தார். கருங்கல்லை 89,400 முறை சூடாக்கிக் குளிர்வித்தும் உலர்ந்த நிலையில் சிதைவு தோன்றவில்லை, நீர் பட்டபோதே தோன்றியது. வெடிப்பில் இறங்கும் மழைநீர், கருங்கல்லில் மிகுந்துள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தை மெல்லக் களிமண்ணாக்கி, ஏடுகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது.

தென்னிந்தியாவில் கல் உடைப்போர் பாறைமீது தீ மூட்டி, சூடேறி விரியும் மேலேட்டை அடிப்பாறையிலிருந்து பிரித்துப் பலகைக் கற்களாகப் பெயர்த்தெடுக்கும் வழக்கமும் பாறையின் இவ்வியல்பையே பயன்படுத்துகிறது.