வெறுங்கால் பத்து, பூட்ஸ் ஒன்று: மோகன் பகான் கேடயம் வென்ற 1911

1979-இல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்கத்தா வந்து, படா பஜாரில் மாமாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்த முதல் வாரம். கடையின் வயதான வங்காளிக் கணக்கர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்பது. "நான் வந்தவாசி, தாதா" என்றேன். சிரித்துவிட்டுப் பேரேட்டை மூடி வைத்தார்; 1911-ஆம் வருஷத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் பிற்பாடு நூலகங்களில் தேடிப் படித்தேன்.

மோகன் பகான் 1889-இல் வடகல்கத்தாவில் தொடங்கிய சங்கம். ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி 1893-இல் பிறந்தது. அதிலிருந்து 1910 வரை கேடயம் ஒரு தடவைகூட இந்தியர் கைக்கு வரவில்லை. பெரும்பாலும் பட்டாளத்து அணிகளே தூக்கிக்கொண்டு போயின. ஆனால் 1911 வெற்றி வானத்திலிருந்து குதித்ததல்ல. 1892-லேயே சோவாபஜார் சங்கம் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே பட்டாளத்தைத் தோற்கடித்தது. மோகன் பகான் 1906, 1907, 1908 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அதே டிரேட்ஸ் கோப்பையை வென்றது. இந்த முன்கணக்கை யாரும் சொல்வதில்லை. கடைசிப் பக்கத்து லாபத்தை மட்டும் பார்க்கிறவன் வியாபாரியே இல்லை.

ஜூலை 10-ஆம் தேதி செயின்ட் சேவியர்ஸ் அணியை 3-0 என்று வென்று கணக்கைத் தொடங்கினார்கள். பிறகு ரேஞ்சர்ஸ் 2-1, ரைஃபிள் பிரிகேட் 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்தோடு 1-1. மறு ஆட்டத்தில் 3-0. இறுதி ஆட்டம் ஜூலை 29, சனிக்கிழமை, எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளம். இருபது நாளில் ஆறு ஆட்டம். போட்டது 12 கோல், வாங்கியது 3. அதுவும் மழைக்காலத்தில். சேற்றில் பூட்ஸ் போட்டவன் நிற்பான், வெறுங்காலன் வழுக்குவான். பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே.

அன்று மைதானத்துக்கு வந்த கூட்டத்தை 60,000 என்பாரும் உண்டு, 80,000 என்பாரும் உண்டு. வெளியூர்க்காரருக்காகத் தனி ரயில் விட்டார்கள். மரக்கிளைகளில் ஆள். ஆட்டம் தெரியாமல் பின்னால் நின்றவர்களுக்கு, கோல் கணக்கை எழுதிப் பட்டம் பறக்கவிட்டுச் சொன்னார்களாம்! இரண்டாம் பாதியில் ஜாக்சன் முதல் கோலைப் போட்டு வெள்ளைக்காரரை முந்தவைத்தார். முடிவதற்குச் சில நிமிஷம் இருக்கையில் தலைவர் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். அடுத்து அபிலாஷ் கோஷ் வெற்றி கோலை அடித்தார். இவர் அப்போது கல்லூரி மாணவர்.

இனி கணக்கர் தாதா சொன்ன முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "இந்தத் தோல்விக்குப் பயந்துதான் வெள்ளைக்காரன் தலைநகரை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போனான்" என்பார். இன்றும் பலர் இதை நம்புகிறார்கள். தேதிகள் இதற்கு இடம் தரவில்லை. வைஸ்ராய் சபையின் உள்துறை உறுப்பினர் ஜென்கின்ஸ் தலைநகர் மாற்றத்தை எழுத்தில் வற்புறுத்தியது 1911 ஜூன் 17-ஆம் தேதி. அப்போது கேடயப் போட்டியில் மோகன் பகான் முதல் ஆட்டமே ஆடியிருக்கவில்லை. ஹார்டிஞ்ச் பிரபு லண்டனுக்குக் கடிதம் எழுதியது ஆகஸ்ட் 25. டில்லி தர்பாரில் மன்னர் அறிவித்தது டிசம்பர் 12. பந்து உருளும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. 1905 வங்கப் பிரிவினையும் அதையொட்டி எழுந்த கிளர்ச்சியும்தான் மூலகாரணம். பிரிவினை ரத்தானதும் அதே தர்பாரில்தான்.

கதையை மறுத்தால் வெற்றியைக் குறைப்பதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பதினொருவரின் பட்டியலே போதாதா? வங்கம் இரண்டாகக் கிடந்த காலத்தில், அணியில் பலர் கிழக்கு வங்கத்து வேர் உடையவர்கள். கோல்காப்பாளர் ஹீராலால் முகர்ஜிக்கு முன்னால் காவல் நின்ற இரண்டு பேக்குகளைப் பாருங்கள். ஒருவர் சுதிர் சட்டர்ஜி, கிறிஸ்தவர், மிஷன் கல்லூரி ஆசிரியர். மற்றவர் பூதி சுகுல். இவர் குடும்பம் ஐக்கிய மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தது. பிறமொழிக் குடும்பத்துப் பிள்ளை என்று வங்காளிகள் அவரைத் தள்ளிவைக்கவில்லை. 'அமர ஏகாதஷ்' என்று இன்றும் போற்றும் பதினொருவரில் அவரும் ஒருவர். நம்மைப் போல் வந்து குடியேறியவர்கள் இந்தப் பெயரை மறக்கலாகாது.

வெற்றி உடனே தொடரவும் இல்லை. அடுத்து ஓர் இந்திய அணி இந்தக் கேடயத்தைப் பிடிக்க 25 வருஷம் ஆயிற்று. 1936-இல் வென்றது முகமதன் ஸ்போர்ட்டிங். மோகன் பகானுக்கோ மறுபடி கிடைத்தது 1947-இல்.

ஜென்கின்ஸ் குறிப்பின் தேதியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், ஓய்வுபெற்றிருந்த தாதாவின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேதியெல்லாம் சரிதான் தம்பி. ஆனாலும் போனானா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி எனக்கு சந்தேஷ் கொண்டுவரச் சொன்னார்.