உப்பு வீடும் மெழுகுக் குமிழியும்

மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று உறைந்துபோய், கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராமல் அடம்பிடிக்கும். வெயிலில் வைத்தால் சாவகாசமாக இளகும். ‘அவசரத்துக்கு உதவாத எண்ணெய்’ என்று திட்டியும் இருப்பீர்கள். இளகுகிற அந்த நேரத்தில் அது என்ன செய்கிறது தெரியுமா? வெயிலின் சூட்டை வாங்கி, தன் சூடு ஏறாமலேயே உள்ளே பதுக்கிக்கொண்டிருக்கிறது!

இந்தப் பதுக்கலைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜோசப் பிளாக். 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பனிக்கட்டி உருகி முடிகிறவரை எவ்வளவு சூடு கொடுத்தாலும் தெர்மாமீட்டர் அசையவில்லை. அப்படியானால் கொடுத்த சூடெல்லாம் எங்கே போனது? உள்ளேதான் ஒளிந்திருக்கிறது என்றார். பள்ளியில் நாம் படித்த ‘உள்ளுறை வெப்பம்’ இதுதான். எவ்வளவு ஒளிகிறது? ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கச் செலவாகும் வெப்பத்தில், ஒரு கிலோ தண்ணீரை பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அது திரும்ப உறையும்போது, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். வட்டி கிடையாது, ஆனால் அசலுக்கு மோசமில்லை.

அப்படியானால் பகல் வெயிலை இதில் சேமித்து ராத்திரிக் குளிருக்குச் செலவழிக்கலாமே?

இதைக் காகிதத்தில் எழுதியதோடு நிற்காமல் ஒரு வீடாகவே கட்டிப் பார்த்தவர், மரியா டெல்கெஸ். 1900-ல் புடாபெஸ்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய வேதியியல்காரர். எம்.ஐ.டி.யில் சூரிய வெப்ப ஆராய்ச்சி செய்துவந்தார். இரண்டாம் உலகப் போரில், நடுக்கடலில் தத்தளிப்பவர்கள் வெயிலை வைத்தே உப்பு நீரைக் குடிநீராக்கிக்கொள்ளும் ஒரு கையடக்கக் கருவியையும் உருவாக்கியவர். லேசுப்பட்ட ஆளில்லை!

1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டோவர் என்ற ஊரில் அந்த வீடு எழுந்தது. வரைபடம் போட்டவர் எலியனோர் ரேமண்ட் என்ற பெண். பணம் போட்டவர் அமேலியா பீபாடி என்ற சிற்பி, அவரும் பெண். டெல்கெஸையும் சேர்த்தால் மூன்று பெண்கள். அந்தக் கால அமெரிக்காவில் இதுவே ஒரு செய்தி.

மாடியில் தெற்குப் பார்த்த கண்ணாடிகள். அவற்றுக்குப் பின்னால் சூடேறும் காற்றை, மின்விசிறிகள் அறைகளுக்கு இடையே இருந்த ரகசிய அறைகளுக்குத் தள்ளும். அங்கே டப்பா டப்பாவாக உப்பு, சுமார் 21 டன்! சமையல் உப்பு அல்ல. கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட். 32 டிகிரியில் உருகும், விலையும் மலிவு. பகலில் உருகி, இரவில் உறைந்து வீட்டைக் கதகதப்பாக்க வேண்டும் என்பது திட்டம். கொதிகலன் கிடையாது. நியூ இங்கிலாந்துக் குளிரில், வெறும் உப்பை நம்பி ஒரு குடும்பம் குடியேறியது. டெல்கெஸின் உறவினர் குடும்பம்தான். வேறு யார் நம்புவார்கள்?

முதல் இரண்டு குளிர்காலம் ஜோராகவே ஓடியது. பத்திரிகைகள் கொண்டாடின. மூன்றாவது குளிர்காலத்தில் உப்பு மக்கர் செய்தது.

என்ன ஆச்சு? இந்த உப்பு வெண்ணெய் மாதிரி முழுசாக உருகுகிற ஜாதி இல்லை. உருகும்போது ஒரு பகுதி பிரிந்து அடியில் படிந்துவிடும், கரைசல் மேலே நிற்கும். அடுத்த முறை உறையும்போது இரண்டும் முழுசாகச் சேராது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிப்பு குறையும். போதாக்குறைக்கு டப்பாக்கள் அரித்து ஒழுகின. கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சாதாரணச் சூடேற்றியைப் பொருத்தினார்கள். 1953-ல் டெல்கெஸ் எம்.ஐ.டி.யை விட்டும் வெளியேற வேண்டிவந்தது.

யோசித்துப் பாருங்கள். அவருடைய கணக்கில் தப்பில்லை. சூட்டைப் பிடிக்கும் பொருள் கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போனது, அதை ஆயிரம் முறை உருக்கி உறைய வைத்தாலும் பிரியாமல், ஒழுகாமல் வைத்துக்கொள்ளும் ஒரு பாத்திரம்!

அந்தப் பாத்திரம் அதே வருடங்களில் அதே அமெரிக்காவில், சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம். அங்கே கடைகளுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் என்.சி.ஆர். கம்பெனி. அவர்கள் கவலை சூரியன் அல்ல, கார்பன் தாள்! நகல் எடுக்க வேண்டுமானால் கார்பன் தாள் செருக வேண்டும். கை, சட்டை எல்லாம் கறுப்பாகும். கம்பெனியின் வேதியியலாளர் பாரெட் கிரீன் ஒரு வழி கண்டார். நிறமற்ற சாயம் கலந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் அடைத்து, மேல் தாளின் முதுகில் பூசிவிடு. பேனா அழுத்தினால் குமிழி உடையும். சாயம் கீழ்த் தாளின் களிமண் பூச்சில் பட்டதும் நீலமாகும். 1954-ல் இந்தத் தாள் சந்தைக்கு வந்தது. ரசீதுப் புத்தகத்தில் கார்பன் இல்லாமலே அடியில் நகல் விழுகிறதே, அது இந்த வம்சம்.

குமிழி எப்படிச் செய்வது? கிட்டத்தட்ட சமையல்தான். வெதுவெதுப்பான நீரில் ஜெலட்டினும் வேல மரத்துப் பிசினும். அதில் எண்ணெயை விட்டு வேகமாகக் கலக்கினால் பொடிப்பொடித் துளிகளாகும். சில சொட்டு அமிலம் விட்டால், ஜெலட்டினும் பிசினும் ஒன்றையொன்று கவர்ந்து ஒவ்வொரு துளியையும் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். குளிரவைத்துக் கெட்டிப்படுத்தினால் தோல் ரெடி.

சாயத்துக்குப் பதில் சூட்டைப் பதுக்கும் பொருளை உள்ளே வைத்தால்? 1980-களில் நாசாவின் நிதியுதவியோடு வட கரோலினாவில் ஒரு சிறிய ஆராய்ச்சி நிறுவனம் இதில் இறங்கியது. வெளியில் கொதிப்பும் உறைபனியும் மாறி மாறி வரும் இடத்தில் வேலை செய்கிறவருக்குக் கையுறை வேண்டுமே! உப்புக்குப் பதில் மெழுகு. ஆக்டாடெக்கேன் என்ற மெழுகு 28 டிகிரியில், கிட்டத்தட்ட நம் தோலின் சூட்டுக்குப் பக்கத்தில், உருகும். கிராமுக்குச் சுமார் 240 ஜூல் வாங்கும். ஒரு கிராம் செங்கல்லில் அவ்வளவு வெப்பத்தைச் சேமிக்க அதை 250 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கும்! குமிழி மெழுகு கலந்த நூலிழைக்கு 1988-ல் காப்புரிமை கிடைத்தது. 1990-களில் அது பனிச்சறுக்கு உடைகளாகக் கடைக்கு வந்தது.

குமிழிக்குள் போனால் என்ன லாபம்? உருகினாலும் ஓடாது. வெளியே பார்த்தால் மைதா மாவு மாதிரி உலர்ந்த பொடி. ஆனால் தோலுக்குத்தான் சோதனை. மெழுகு உருகும்போது பத்து சதவீதம் அளவுக்கு உப்பும். தோல் மெலிந்தால் வெடிக்கும், தடித்தால் சூடு சேமிக்க இடமிருக்காது.

அதனால்தான் இந்தப் பொடியை யாரும் சும்மா நம்பிவிடுவதில்லை. சில மில்லிகிராம் எடுத்து டி.எஸ்.சி. என்ற கருவியில் வைத்து மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். வெறும் மெழுகு 240 ஜூல் வாங்கும் இடத்தில் பொடி 180 வாங்கினால், முக்கால் பங்கு மெழுகு, கால் பங்கு தோல் என்று அர்த்தம். இன்னொரு கருவியில் சூடேற்றிக்கொண்டே எடை பார்ப்பார்கள். எடை குறைந்தால் மெழுகு தப்பி ஓடுகிறது! அப்புறம் உருக்கு, உறைய வை, உருக்கு, உறைய வை... நூறு, ஆயிரம் தடவை. டோவர் வீடு மூன்றாவது குளிர்காலத்தில் சொன்ன உண்மையை, இந்தப் பொடி சோதனைச்சாலையிலேயே சொல்லியாக வேண்டும்.

அப்போதும் ஒரு பழைய பிரச்னை எட்டிப்பார்த்தது. குட்டித் துளிக்குள் அடைபட்ட மெழுகு, உறைய வேண்டிய சூட்டில் உறையாமல் அடம்பிடித்தது. உறைவதற்கு ஒரு ‘விதை’ வேண்டும். இந்த விதை வித்தையை டெல்கெஸ் அப்போதே அறிந்திருந்தார். தன் கிளாபர் உப்பை உறையத் தூண்ட வெங்காரத்தைக் கலந்து, 1952-ல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியவர்!

பிறகு ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் மைக்ரோனால் என்ற பெயரில் மெழுகுக் குமிழிகளைச் சுவர்ப் பூச்சிலும் ஜிப்சம் பலகையிலும் கலந்தது. 21 டன் உப்பு செய்ய வேண்டிய வேலைக்குச் சுவரே போதும் என்ற ஆசை. ஆனால் விலை அதிகம், மெழுகு தீப்பிடிக்கும் என்பதால் அதற்கும் பாதுகாப்பு வேண்டும். 2017-ல் அந்தத் தொழிலை பி.ஏ.எஸ்.எஃப். விற்றுவிட்டது. வாங்கிய நிறுவனம் எந்த ஊர் தெரியுமா? அதே டேட்டன்!

தோற்ற வீட்டுக்காரி என்னவானார் என்று கேட்பீர்கள். மரியா டெல்கெஸ் உப்பை விடவில்லை, கடைசிவரை சூரிய வீடுகளில் வேலை செய்தார். 1995 டிசம்பரில், தன் 95-வது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு, பிறந்த புடாபெஸ்டிலேயே காலமானார். அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது, ஒரு தூசியளவு மெழுகுக்குள்!